கப்பல்காரர் வீட்டுப் பாதாளக்கரண்டி

அந்த வேப்ப மரத்தடியில் நட்டு வைத்திருக்கும் இரும்பைப் பற்றி உங்களுக்கு என்ன வந்தது? வருகிற ஆளெல்லாம், "அது என்ன சாமிங்க, வேலும் இல்லாம சூலமும் இல்லாம நாலாப்பக்கமும் கொக்கியா நீட்டிக்கிட்டு நிக்குது" என்று கேட்கிறீர்கள். கும்பிட்டோமா, நெற்றியில் பூசிக்கொண்டோமா, போனோமா என்று இருக்கத் தெரியாதா? சாமியிடம் யாராவது ரேஷன் கார்டு கேட்பார்களா? போதாக்குறைக்கு இதைப் பத்திரிகையில் வேறு போட வேண்டுமாம். நான் மூன்றாம் வகுப்பு வாத்தியாரின் பிரம்புக்குப் பயந்து சோளக்காட்டு வழியாக வீட்டுக்கு ஓடி வந்தவள். என்னிடம் வந்து சரித்திரம் கேட்கிறவர்களை என்ன சொல்ல?

கேட்டுத் தொலைத்துவிட்டீர்கள். சொல்லித் தொலைக்கிறேன்.

கோயமுத்தூர் ஜில்லா முழுக்கச் சல்லடை போட்டுத் தேடினாலும், கடலையே பார்க்காமல் கடலில் மூழ்கிப்போன மனிதர் ஒருவர்தான் கிடைப்பார். அவர்தான் எங்கள் கணபதிக் கப்பல்காரர். கணபதி எங்கள் ஏரியாவின் பேர். அவருடைய சொந்தப் பெயர் கரண்டு பில்லில் மட்டும் இருந்தது. பில் கொண்டு வந்தவர்களே "கப்பல்காரர் ஊடு எதுங்க" என்று கேட்டுத்தான் வருவார்கள்.

தொண்ணூறுகளில் நாங்கள் ஒரே காம்பவுண்டில் இருந்தோம். வரிசையாக ஓட்டு வீடுகள், நடுவில் கிணறு, கிணற்றோரம் வேப்ப மரம். கிணற்றுக்கு இந்தப் பக்கம் நான். அந்தப் பக்கம் அவர் வீடும் பட்டறையும். எரிந்துபோன பம்புசெட்டு மோட்டாருக்குக் காயில், அதாவது செம்புக் கம்பிச் சுருள், கட்டுவது அவர் தொழில். கரண்டு ஏறி இறங்கினால் ஊருக்கெல்லாம் வயிறு எரியும், அவர் வீட்டில் மட்டும் அடுப்பு எரியும். கை சுத்தமான வேலைக்காரர். ஆனால் வாய் ஓயாது. அவிநாசிப் பக்கமிருந்து ஒரு விவசாயி மோட்டாரைத் தூக்கிக்கொண்டு வருவார். அங்கே காட்டில் தண்ணீர் இல்லாமல் சோளம் வாடிக்கொண்டிருக்கும். இவர் காயில் மெசினின் பிடியைச் சுற்றிக்கொண்டே கடல் தண்ணீரைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார். "எங்க மூத்தவரு ஒருத்தரு இருந்தாருங்க. வெள்ளைக்காரன் கப்பலையே நடுக்கடல்ல மறிச்சவரு" என்று ஆரம்பித்தால், மூத்தவர் மிளகு மூட்டையோடு கரை ஏறும் வரைக்கும் மோட்டார் கைக்கு வராது.

இந்தப் பைத்தியம் அவருக்குச் சும்மா பிடிக்கவில்லை.

எங்கள் பக்கத்தில் புது மனிதரைப் பார்த்தால் பேரைக் கேட்க மறந்தாலும் மறப்போம், "என்ன கூட்டமுங்க, குலதெய்வம் எதுங்க" என்று கேட்க மறக்க மாட்டோம். கூட்டம் என்றால் ஒரே குலதெய்வத்தைக் கும்பிடுகிற பங்காளிகள். பிள்ளைக்கு முதல் முடி அந்தக் கோயிலில்தான் எடுக்க வேண்டும். அதற்கு முன்னால் தலையில் கத்திரிக்கோல் படக் கூடாது. வருசா வருசம் கோயிலுக்கு வரி கட்ட வேண்டும். வரி கட்டினால்தான் அந்தக் கூட்டத்தில் ஒரு குடும்பம் என்று கணக்கு. கப்பல்காரருக்குக் கூட்டமும் தெரியாது, கோயிலும் தெரியாது. அவருடைய அப்பாரு, அதாவது தாத்தா, பாலக்காட்டுப் பக்கமிருந்து நடந்தே வந்து மதுக்கரையில் சுண்ணாம்புக்கல் உடைக்கச் சேர்ந்தவர். தோளில் ஒரு இரும்பு, மடியில் ஒன்றுமில்லை. எந்த ஊர், எந்தச் சாமி என்று ஒரு வார்த்தை சொல்லாமல் கண்ணை மூடிவிட்டார். சொன்னதெல்லாம் ஒன்றே ஒன்றுதான், தங்கள் மூத்தவர் ஒருவர் கப்பலை மறித்துக் கொள்ளையடித்தவர் என்று. எப்போது சொன்னார், யாரிடம் சொன்னார், கள்ளுக் குடித்துவிட்டுச் சொன்னாரா குடிக்காமல் சொன்னாரா, அதெல்லாம் தெரியாது.

அந்த இரும்புதான் நீங்கள் கேட்கிற இரும்பு. காம்பவுண்டில் எல்லோருக்கும் அது பாதாளக்கரண்டி. கிணற்றில் வாளி விழுந்தால் கயிற்றில் கட்டி உள்ளே இறக்கித் துழாவி எடுப்போமே, அதேதான். என் வாளியையே அது எத்தனையோ தடவை காப்பாற்றியிருக்கிறது. அந்தச் சமயத்தில்தான் எங்கள் தெருவுக்குக் கேபிள் டி.வி. வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஏதோ ஓர் இங்கிலீஷ் படம். கடல் கொள்ளைக்காரன் ஒருவன் கயிற்றில் கட்டிய கொக்கியைச் சுழற்றி எதிர்க் கப்பல்மேல் வீசுகிறான். கப்பல்காரர் சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து நின்றாராம். நேராகக் கிணற்றடிக்கு வந்தார். அங்கே நான் அந்தக் கொக்கியால் வாளியைத் துழாவிக்கொண்டிருந்தேன்.

"அக்கா, கையெடுங்க. அது கப்பலை இழுக்கறதுங்க."

"சித்த பொறுங்க தம்பி. இப்ப வாளிய இழுத்துக்கறேன், அப்பறம் நீங்க கப்பல இழுத்துக்குங்க" என்றேன்.

அதற்குப் பிறகு அவருக்குச் சந்தேகமே இல்லாமல் போயிற்று. எங்களுக்குத்தான் வாளி இல்லாமல் போயிற்று. இரும்புக்கு எண்ணெய் தடவிப் பட்டறைச் சுவரில் மாட்டிவிட்டார். வாளி விழுந்தால் அவர் மனைவி ருக்குமணி, அவர் டீ குடிக்கப் போகிற நேரம் பார்த்து, முந்தானைக்குள் மறைத்துக் கொண்டுவந்து கொடுப்பாள். ருக்குமணி அதிகம் பேசாதவள். இருக்கிற பேச்சையெல்லாம் அவர் ஒருவரே பேசித் தீர்த்துவிட்டதால் இவளுக்கு மிச்சம் இல்லை. தெருவே அவளைக் கப்பலக்கா என்று கூப்பிட்டது. "இந்த ஊட்டுக்கு வாக்கப்பட்டு ஒரு குளங்கூடப் பாக்கலீங்க, கப்பலக்காவாம்" என்று ஒரு தடவை என்னிடம் அழுதாள்.

மதுக்கரையில் அவருக்கு ஓர் அத்தை இருந்தார். அந்தக் குடும்பத்தில் பழைய ஆள் அவர் ஒருவர்தான் மிச்சம். சிமென்ட் ஆலைத் தூசியில் வீடு, மரம், ஆடு எல்லாம் ஒரே நிறமாக இருக்கும். அதற்கு நடுவில் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருப்பார். மூத்தவரைப் பற்றிக் கேட்டுக் கேட்டு வருவதற்காகக் கப்பல்காரர் அடிக்கடி பஸ் ஏறிப் போவார். கொஞ்ச நாளில் எனக்கு ஒன்று பிடிபட்டது. அத்தையின் கதை, இவர் கொண்டுபோகிற பலகாரத்தைப் பொறுத்தது. முறுக்கோடு போன வாரம் மூத்தவர் வெறும் துடுப்புத் தள்ளுகிறவர். ஜாங்கிரியோடு போனால் கப்பலுக்கு இரண்டாவது ஆள். ஒரு வாரம் கையில் எதுவும் இல்லாமல் போயிருக்கிறார். அந்த வாரம் மூத்தவர் கடலுக்கே போகவில்லை, கரையில் கருவாடு காயப் போட்டுக்கொண்டிருந்தாராம். அன்றைக்கு முழுக்கக் கப்பல்காரர் சாப்பிடவில்லை. மோட்டார் கொண்டு வந்தவர்களிடம் கூடப் பேசவில்லை. அன்றைக்குத்தான் காயில் வேலை சுருக்காக முடிந்தது.

அப்போது பேரன் பிறந்தான். மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்தான். ஞாயிற்றுக்கிழமை வருவான், தூங்குவான், போவான். அவனை இந்தக் கதையில் தேடாதீர்கள். மருமகள் சுமதி அவிநாசிக்காரி. வாய்க்காரி, ஆனால் நல்ல பெண். பிள்ளைக்கு முதல் முடி எடுக்கிற பேச்சு வந்தது. எந்தக் கோயிலில் எடுப்பது?

பழநியில் எடுத்துவிடலாம் என்று எல்லோரும் சொன்னோம். குலதெய்வம் தெரியாதவர்கள் அப்படித்தான் செய்கிறார்கள். கப்பல்காரர் தலையை ஆட்டினார். "பழநி ஊருக்கெல்லாம் சாமிங்க. எங்க பேரு தெரிஞ்ச சாமி ஒண்ணு எங்கியாச்சும் இருக்கோணுமில்லீங்களா" என்றார்.

அது கிடைக்கிற வரைக்கும் பையன் தலையில் கத்திரிக்கோல் படவில்லை. முடி வளர்ந்தது. கழுத்துக்கு வந்தது, முதுகுக்கு வந்தது, இடுப்புக்கு வந்தது. காம்பவுண்டுப் பெண்கள் முறை போட்டுப் பேன் பார்த்தோம். ரெட்டைச் சடை பின்னி ரிப்பன் கட்டினால் அழுவான். கட்டாவிட்டால் புழுக்கத்தில் அழுவான். புதிதாக வந்த பால்காரர் அவனைப் பாப்பா என்று கூப்பிட்டார். கோபத்தில் பையன் டிராயரைக் கழற்றிக் காட்டிவிட்டான். அதற்கப்புறம் யார் பாப்பா என்றாலும் அதையே செய்தான். சுமதி வெளியில் தலை காட்ட முடியவில்லை.

கப்பல்காரர் சும்மா இருக்கவில்லை. தெற்கே வடக்கே என்று எங்கே கோயில் நோம்பி, திருவிழா என்று நடந்தாலும் போய் நின்று, எங்களிடம் வரி வாங்கிக்கொள்ளுங்கள் என்று கெஞ்சினார். வரி கேட்டால் ஒளிகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். வரி கட்டுகிறேன், வரி கட்டுகிறேன் என்று ஊர் ஊராக அலைந்த மனிதரைப் பார்த்திருக்கிறீர்களா? அவிநாசி தாண்டி ஒரு கோயிலுக்கு என்னையும் ருக்குமணியையும் கூட்டிப்போனார். மரத்தடியில் பெரியவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். மரியாதையாக உட்காரச் சொன்னார்கள், மோர் கொடுத்தார்கள், என்ன கூட்டம் என்று கேட்டார்கள். நான் கண்ணைக் காட்டினேன், ருக்குமணி முழங்கையால் இடித்தாள். மனிதர் கேட்கவில்லை.

"கடல்ல கொள்ளையடிச்ச கூட்டமுங்க."

எங்கள் பக்கத்து ஆட்கள் முகத்துக்கு நேரே யாரையும் கோபிக்க மாட்டார்கள். ஒரு பெரியவர் மட்டும் மெதுவாக எழுந்து, எங்கள் பக்கமிருந்த உண்டியலைத் தூக்கி அந்தப் பக்கம் வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். இன்னும் கொஞ்சம் மோர் வேண்டுமா என்று கேட்டார்.

திரும்பி வருகிற டவுன் பஸ்ஸில் நான் சிரித்தேன். சிரித்துவிட்டு அவரைப் பார்த்தால், மனிதர் ஜன்னல் கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டிருந்தார். ருக்குமணி டிக்கெட்டைச் சுருட்டுவதும் பிரிப்பதுமாக இருந்தாள். மீதி வழிக்கு எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பிறகுதான் அந்தக் காயில் சங்கதி. ஒரு நாள் பட்டறையில் கப்பல்காரர் காயில் சுற்றிக்கொண்டிருக்கிறார். பேரன் பக்கத்தில் நின்று குனிந்து பார்க்கிறான். மூத்தவர் கப்பல்மேல் தாவுகிற கட்டம். கதை வேகமெடுக்க, பிடியும் வேகமெடுத்தது. பையனின் சடை ஒன்று செம்புக் கம்பியோடு சேர்ந்து சுற்றிக்கொண்டது. அவன் அலறின அலறலில் நான் அடுப்பில் இருந்த பாலை விட்டுவிட்டு ஓடினேன். தலை மெசினோடு ஒட்டி நிற்கிறது. நல்லவேளை, அவர் கையை எடுத்துவிட்டார். இன்னும் ஒரு சுற்று சுற்றியிருந்தால் நினைக்கவே முடியாது.

இதில் கொடுமை என்னவென்றால் அந்தச் சடையை வெட்டவும் முடியாது. சாமிக்குப் போகாத முடி. யார் கத்திரிக்கோலை எடுத்தாலும் கப்பல்காரர் கையைப் பிடித்துக்கொள்கிறார். கடைசியில் கம்பியை ஒவ்வொரு சுற்றாகப் பிரித்தோம். பையன் அழுது ஓய்ந்து, மெசின் மேலேயே தலை வைத்துத் தூங்கிவிட்டான். தூங்குகிற பிள்ளையிடமிருந்து நாங்கள் எல்லோரும் சேர்ந்து கம்பியைப் பிரித்தோம். மோட்டாருக்குச் சொந்தக்காரரும் உட்கார்ந்து ஒரு கை கொடுத்தார், பாவம்.

எல்லாம் பிரிந்ததும் சுமதி பிள்ளையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டாள். அவள் சத்தம் போடாமல் பேசி அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"மாமா, நான் ஒண்ணு சொல்றனுங்க. பள்ளிக்கூடம் தொறக்கறதுக்குள்ள உங்க சாமியக் கண்டுபுடிங்க. இல்லீன்னா எங்கூட்டு சாமிகிட்டக் கொண்டுபோயி முடி எடுத்துப்போடுவேன். அப்பறம் இவன் எங்க கூட்டத்துப் பையனாவே இருந்துக்கட்டும்."

கப்பல்காரர் தரையில் கிடந்த கம்பியைப் பொறுக்க ஆரம்பித்தார். ஒரே பேரன். அவனும் வேறு சாமி கணக்கில் போய்விட்டால், அப்பாரு தோளில் இரும்போடு அத்தனை தூரம் நடந்து வந்தது இங்கேயே முடிந்த மாதிரி. அது எனக்கே புரிந்தது. அவருக்குப் புரியாதா?

மறுநாள் டவுனில் போய் மைசூர்பாகு வாங்கினார். பெட்டி நிறைய, நெய் சொட்டச் சொட்ட. அப்போதே நான் பயந்தேன், மைசூர்பாகுக்கு அத்தை என்ன சொல்லுமோ என்று. நான் பயந்த மாதிரியே ஆயிற்று. மூத்தவர் இப்போது மூன்று கப்பலுக்கு அதிபதி. வெள்ளைக்காரத் துரைமார் அவர் பேரைக் கேட்டாலே பாயைச் சுருட்டிக்கொண்டு வேறு பக்கம் போய்விடுவார்களாம். அவர் செத்த இடத்தில், பொன்னானிக் கடற்கரையில், ஆள் உயரத்துக்குக் கல் நட்டிருக்கிறதாம். கல்லில் கப்பல் வெட்டியிருக்கிறதாம். அதுதான் குலதெய்வம்.

"அத்தைக்கு இத்தன நாளா இது ஞாபகம் வரலீங்களா தம்பி?" என்று கேட்டேன்.

"வயசானவங்களுக்கு ஞாபகம் மெல்லத்தானுங்க வரும்."

"நெய் போட்டா சுருக்கா வரும்போல."

அவர் கேட்டுக்கொள்ளவில்லை. அன்றைக்கே வேன் பேசிவிட்டார்.

வேனில் ஏறின கூட்டத்தைச் சொல்கிறேன். கப்பல்காரர், ருக்குமணி, சுமதி, தூக்கம் கலையாத மகன், ரெட்டைச் சடையோடு பேரன். மடியில் உட்கார வைத்து முடி எடுக்கத் தாய்மாமன் வேண்டும், அதனால் அவிநாசியிலிருந்து சுமதியின் அண்ணன். முடி எடுக்க எங்கள் தெரு சலூன்காரர் மணியண்ணன். சாமிக்கு ஒரு சேவல். பொங்கல் வைக்க நான். எல்லோருக்கும் நடுவில் புது மஞ்சள் துணி சுற்றிய பாதாளக்கரண்டி.

வாளையார் செக்போஸ்ட்டில் வண்டியை நிறுத்தினார்கள். துணிக்குள் என்ன என்று போலீஸ்காரர் கேட்டார். கப்பல்காரர் கீழே இறங்கி, துணியைப் பிரித்து, நிமிர்ந்து நின்று, "கப்பலைப் புடிக்கறதுங்க. எங்க மூத்தவரு கடல்ல கொள்ளையடிச்சவரு. அவரைப் பாக்கத்தான் போறோம்" என்றார். போலீஸ்காரர் எல்லோரையும் இறங்கச் சொன்னார். வரிசையாக நிறுத்தினார். இரும்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மேலதிகாரி சாப்பிடப் போயிருக்கிறார், வரட்டும் என்றார். வெயில் ஏறிக்கொண்டே போகிறது, சேவல் கத்துகிறது, மாமன்காரன் என் தங்கச்சியை எங்கே கொண்டுவந்து தள்ளினோம் என்கிற மாதிரி பார்க்கிறான். கப்பல்காரர் அந்தப் போலீஸ்காரருக்கும் மிளகு மூட்டைக் கதையை ஆரம்பித்துவிட்டார்.

அப்போதுதான் ருக்குமணி முன்னால் வந்தாள். "வாளி எடுக்கறதுங்க சார். கெணத்துல உழுந்த வாளி" என்றாள். அவ்வளவுதான். போலீஸ்காரர் சிரித்துவிட்டுப் போகச் சொல்லிவிட்டார். வேன் புறப்பட்ட பிறகு கப்பல்காரர் மனைவியின் முகத்தைப் பார்க்கவில்லை. அவளும் பார்க்கவில்லை.

கடலைப் பற்றி நான் என்ன சொல்ல? நானும் அன்றைக்குத்தான் பார்த்தேன். இத்தனை தண்ணீர் இருந்தும் ஒரு குடம் குடிக்க முடியாது என்றார்கள். எனக்கு அதன்மேல் மரியாதை போய்விட்டது. கப்பல்காரர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, வெகுநாள் கழித்துச் சொந்தபந்தம், ஒரம்பரை வீட்டுக்குப் போகிற மாதிரி சிரித்த முகமாக அலை கிட்டப் போனார். ஒரு அலை வந்து முழங்காலில் அடித்தது. "ஐயோ ருக்கு" என்று ஒரே ஓட்டம். மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டார். மூன்று கப்பலுக்கு அதிபதியின் வம்சம் மணலில் நின்று மூச்சு வாங்கியது. பேரன்தான் பயப்படாமல் அலைக்குள் நின்று, பாப்பா என்று கூப்பிட யாராவது வருவார்களா என்று பார்த்துக்கொண்டிருந்தான்.

கல்லைத் தேடினோம். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் நடந்தோம். டீக்கடையில் கேட்டோம், அப்படி ஒன்று இல்லை என்றார்கள். வலை பின்னிக்கொண்டிருந்தவர்களிடம் கேட்டோம், துணி துவைக்கிற கல் இருக்கிறது, அது வேண்டுமானால் காட்டுகிறோம் என்றார்கள். கப்பல்காரர் விடவில்லை. கடைசியில் மஞ்சள் துணியைப் பிரித்து இரும்பைக் காட்டினார். மீன் காயப் போட்டுக்கொண்டிருந்த ஓர் அம்மா அதைப் பார்த்துவிட்டு, நல்ல முகமாக வீட்டுக்குள் போய் இன்னொன்றைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தார். அதே வளைவு, அதே வளையம். எங்கள் கிணற்றுக்கும் இதுதான் என்றார். அவர் பேசியது மலையாளம், ஆனாலும் எல்லோருக்கும் புரிந்துவிட்டது.

கப்பல்காரர் அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டார். சேவலைப் பிடித்துக்கொண்டு நான் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"அக்கா, இது வாளி எடுக்கறதுதானுங்க" என்றார். "எனக்கு மொதல்லயே தெரியுமுங்க."

"அப்பறம் எதுக்குங்க தம்பி இத்தனையும்?"

"வேற என்னுங்க இருக்குது எங்கூட்டுல? ஒரு சாமி இல்ல. ஒரு ஊரு இல்ல. வரி கட்டுடான்னு வாசல்ல வந்து நின்னு கேக்க ஒரு ஆளில்ல. திருடனாவாச்சும் எங்களுக்குன்னு ஒருத்தன் இருந்துட்டுப் போகட்டும்னு பாத்தனுங்க."

எதற்கெடுத்தாலும் ஒரு எகத்தாளம் வைத்திருப்பவள் நான். அன்றைக்குச் சேவலின் இறகைத் தடவிக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

சுமதி பெட்டியைக் கட்ட ஆரம்பித்தாள். அவிநாசிக்கே போய்விடலாம் என்று அவள் அண்ணன் சொல்லிக்கொண்டிருந்தான். அப்போது ருக்குமணி கப்பல்காரர் மடியிலிருந்த இரும்பை எடுத்தாள். காம்பை மணலில் ஊன்றி, கொக்கிகள் மேலே பார்க்க நிறுத்தினாள். சொம்புத் தண்ணீரை ஊற்றினாள். மஞ்சளைக் குழைத்து அப்பினாள், குங்குமம் வைத்தாள்.

"ருக்கு, அது வாளி எடுக்கறது அம்மணி" என்றார் அவர்.

"வாளி எடுக்கறதாவே இருந்துட்டுப் போகட்டுமுங்க. உங்க அப்பாரு ஊரு, சாமி, சனம் அத்தனையும் உட்டுப்போட்டு வந்தாரு. இதைய மட்டும் உடலை. ஆகாத சாமானத்த அத்தன தூரம் ஆராச்சும் சொமப்பாங்களா?"

இத்தனை வருசம் சேர்த்து வைத்த பேச்சை மொத்தமாகச் செலவு செய்த மாதிரி, அதற்கப்புறம் அவள் வாயைத் திறக்கவில்லை. சூடத்தைப் பற்றவைத்தாள். கடல் காற்று அணைத்தது. திரும்பப் பற்றவைத்தாள். அதையும் அணைத்தது. பிறகு சுமதி பக்கத்தில் வந்து உட்கார்ந்து முந்தானையை விரித்து மறைத்துக்கொண்டாள். சூடம் எரிந்தது.

மாமன் மடியில் உட்கார வைத்து முடி எடுத்தார்கள். மணியண்ணனுக்குக் கத்தியே மழுங்கிப்போயிற்று. எடுக்க எடுக்கப் பையனுடைய முகம் வெளியே வந்தது. தாத்தாவின் அதே முகம், அதே காது. இத்தனை நாள் முடிக்குள் ஒளிந்திருந்திருக்கிறது. முடியைக் கப்பல்காரர் கையால் கடலில் விட்டார். ஓர் அலை கொண்டுபோயிற்று. அடுத்த அலை திருப்பிக் கொண்டுவந்து அவர் காலடியிலேயே வைத்தது. இவர்கள் என்ன கூட்டம் என்று கடலுக்கும் தெரியவில்லை போலிருக்கிறது. மனிதர் மறுபடி குனிந்து எடுத்து, பயத்தை விட்டு இடுப்பளவு தண்ணீருக்குள் போய் விட்டுவிட்டு வந்தார்.

சேவலை வெட்ட யாருக்கும் மனசு வரவில்லை. அது எங்களோடேயே திரும்பி வந்து, காம்பவுண்டில் வெகுநாள் அதிகாரம் பண்ணியது. ருக்குமணி கைப்பிடி மணலை முந்தானையில் முடிந்துகொண்டாள். அன்றைக்கு ராத்திரியே ஊர் சேர்ந்து, வேப்ப மரத்தடியில் மணலைக் கொட்டி, அதன்மேல் இரும்பை நட்டோம். கப்பல்காரர் குழி மட்டும் தோண்டிக் கொடுத்தார். கும்பிட்டாரா என்று கேட்டால், கைகூப்பினார், ஆனால் கண்ணை மூடவில்லை. வேனிலும் பேசவில்லை, வீட்டிலும் பேசவில்லை. பேரன் தன் மொட்டைத் தலையைக் கொண்டுவந்து காட்டியதற்கு மெல்லத் தடவிக் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

மறுநாள் காலையில் சிறுவாணித் தண்ணீர் வந்தது. தெருக் குழாயில் எல்லாப் பெண்களும் குடத்தோடு நின்றார்கள். யாரும் சண்டை போடவில்லை, யாரும் வரிசையை மீறவில்லை. எல்லோரும் எனக்காகக் காத்திருந்தார்கள். கப்பல்காரர் ஊர் கடந்து போய் வாங்கிக் கட்டிக்கொண்ட கதையை நான் எப்படிச் சொல்லப்போகிறேன் என்று, சிரிப்பதற்கு வாயைத் தயாராக வைத்துக்கொண்டு நின்றார்கள். குழாய்க்கு எதிரேதான் பட்டறை. ஒரு மோட்டார்க்காரர் வந்து உட்கார்ந்திருந்தார். உள்ளே காயில் சுற்றுகிற சத்தம் மட்டும் கேட்டது. பேச்சுச் சத்தம் இல்லை.

"அப்பறமுங்க அக்கா, கல்லு இருந்துச்சுங்களா?" என்று பொன்னம்மாள் கேட்டாள். அவள் குடம் நிறைந்து வழிகிறது. சிறுவாணித் தண்ணீர் வழிகிறது, ஒருத்தியும் அதைப் பார்க்கவில்லை.

பட்டறைக்குள் பிடி சுற்றுகிற சத்தம் நின்றது.

"இல்லாம?" என்றேன். "ஆளு ஒசரத்துக்கு நிக்குது. அதுல கப்பல் வெட்டியிருக்குது, பாயி கயிறெல்லாம் அப்படியே தெரியுது. உப்புக்காத்துல ஒரு ஓரம் தேஞ்சுபோச்சு, அவ்வளவுதான். இந்தக் கொக்கியப் பாத்ததும் அந்த ஊருக்காரங்க துண்டை எடுத்து இடுப்புல கட்டிட்டாங்க, பாத்துக்குங்க."

பொன்னம்மாள் வாயில் கை வைத்துக்கொண்டாள். "அய்யோ, அதையப் போயி நாம வாளி எடுக்கக் கெணத்துக்குள்ள போட்டமேங்க அக்கா. இனிமேலு வாளி உழுந்தா என்னுங்க பண்றது?"

"சூடத்தைப் பத்தவச்சுக் கேட்டுட்டு எடுத்துட்டுப் போங்க. வெள்ளைக்காரன் கப்பலையே இழுத்தவரு, உம்பட வாளிக்கு வரமாட்டேன்னா சொல்லுவாரு? எடுத்த கையோட கழுவிக் கொண்டாந்து நட்டுப்போடோணும். ஆமா."

பிடி மறுபடி சுற்ற ஆரம்பித்தது. மெல்ல, அப்புறம் கொஞ்சம் வேகமாக. அதற்குள்ளிருந்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, அவர் குரல் வந்தது. "சித்த உக்காருங்க. எங்க மூத்தவரு ஒருத்தரு இருந்தாருங்க."

"போச்சு, ஆரம்பிச்சுட்டாரு" என்று பொன்னம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள்.

"சத்தம் போடாம தண்ணியப் புடி அம்மணி" என்றேன். "அந்தக் கதைய நானே இன்னும் முழுசாக் கேக்கலை."